சுருதிக்குக் கீழே ஒரு மின்விசிறி

சருகுக்குத் தன் தங்கை புருஷனைக் கண்டாலே ஆகாது. அவர் ஊரறிந்த இசையமைப்பாளர், ஸ்டுடியோவில் அத்தனை பேரும் எழுந்து நின்று மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவள் எரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைத்ததில்லை. அவர் உள்ளே வந்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்புகளை அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

செருப்பு அடுக்குவதும் அவள் தொழிலில் சேர்த்திதான். படப்பிடிப்பில் பதிவாகிற சத்தங்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்புறம் திரையில் ஒருத்தி நடந்தால் அந்த நடை, உட்கார்ந்தால் நாற்காலி, டம்ளரை வைத்தால் மேஜை, கோபித்துக்கொண்டு போனால் கதவு என்று ஒவ்வொன்றையும் யாராவது ஓர் அறைக்குள் நின்று புதிதாகச் செய்துகொடுக்க வேண்டும். இவள் அதைச் செய்தாள். அறையின் தரை சதுரம் சதுரமாகச் சிமெண்டு, மரப்பலகை, மணல், சரளைக்கல் என்று பிரிந்து கிடக்கும். சுவரோரம் சாக்குமூட்டைகளில் செருப்பு, பூட்ஸ், குதிகால் உயர்ந்தது, குதிகால் தேய்ந்தது. கதாநாயகியிலிருந்து கொலைகாரன்வரை எல்லோருக்கும் கால் இவளுடைய கால்தான்.

அவள் அந்த அறைக்குள் வந்ததே தற்செயல். தங்கை கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் காத்திருப்பதே அக்காவுக்கு வேலை. ஒருநாள் படத்துக்கு இப்படிச் சத்தம் செய்துகொடுக்கிறவர் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காட்டுக்குள் ஒரு பெண் நடக்கிற காட்சி. "நான் நடக்கட்டுமா?" என்று இவள் கதவருகில் நின்று கேட்டாள். இலைக்கு எங்கே போவது? குப்பைக் கூடையில் கழித்துப்போட்ட ஒலிநாடா சுருள் சுருளாகக் கிடந்தது. அதைத் தரையில் கொட்டி, திரையைப் பார்த்தபடி மேலே நடந்தாள். ஸ்பீக்கரில் கேட்டபோது காய்ந்த இலை மொறுமொறுத்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் சருகு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் வெட்டி ஒட்டுவதெல்லாம் சுலபமில்லை. படச்சுருள் ஓட ஆரம்பித்தால் முடிகிறவரை சேர்ந்தே நடந்தாக வேண்டும்; நடுவில் ஒரு தும்மல் விழுந்தால் முதலிலிருந்து. கம்ப்யூட்டர் வந்த பிறகு வேலை லேசானது. அவளும் முணுமுணுக்காமல் அதைக் கற்றுக்கொண்டாள். "தும்மினாலும் இனி பயமில்லை, பெரிய விடுதலை" என்பாள்.

மாஸ்டரோடு உரசல் ஆரம்பித்தது ஒலிக்கலவை நடக்கிற கூடத்தில். பேச்சு, சத்தம், இசை மூன்றையும் சேர்த்து, எது மேலே எது கீழே என்று தீர்மானிக்கிற இடம் அது. மாஸ்டர் வந்து உட்கார்ந்தால் மிக்ஸிங் இன்ஜினியரின் கை தானாக இசையை ஏற்றும்; சருகு நாள் முழுக்க நடந்த நடை காணாமல் போகும். "மாஸ்டர் படத்துல யாருக்கும் கால் கிடையாது, எல்லாரும் வயலின் மேலதான் நடக்கறாங்க" என்று அவள் கேண்டீனில் சொன்னது அவர் காதுக்குப் போயிற்று. அதற்குள் அவர் தங்கையைக் கட்டியிருந்தார். தங்கை பாடுவதை நிறுத்தியிருந்தாள். ஏன் நிறுத்தினாள் என்று அக்கா கேட்டதற்கு, "வீட்ல ஒரு மியூசிக் போதும்னு இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சருகுக்குப் பிடிக்கவில்லை.

உரசல் பகையானது ஒரு பாட்டினால். தையல் ஃபாக்டரியில் நடக்கிற படம் ஒன்று. பழைய மெஷின்கள் வரிசையாக ஓடுகிற சத்தத்தைச் சருகு ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு தகர மூடி, ஒரு ஸ்டேப்ளர் வைத்து உருவாக்கினாள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு நொண்டல். எல்லாம் சேர்ந்து ஓடும்போது கேட்கிறவர் கால் தானாகத் தட்டும். மாஸ்டர் அதை அப்படியே எடுத்து மேலே ஒரு மெட்டைப் போட்டார். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பறந்தது. ரேடியோ பேட்டியில், "ஒரு நாள் ரயில்ல போயிட்டிருந்தேன். அந்தத் தாளம் தானா வந்து மனசுல உக்காந்துச்சு" என்றார். சருகு அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எந்த ரயில் மாப்பிள்ளை அது? எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்களேன்" என்றாள் வாசலிலேயே.

மாஸ்டர் சோபாவிலிருந்து எழவில்லை. "உக்காருங்கக்கா. சத்தம் காத்துல இருக்கு. அதுக்கு யாராவது பட்டா வாங்கி வச்சிருக்காங்களா?"

"காத்துல இருந்துச்சா? அந்தக் காத்துலதான் என் கட்டைவிரல் நகம் பேந்து போச்சு."

"நீங்க போட்டது சத்தம். நான் கை வச்ச பிறகுதான் அது பாட்டு. செங்கல் அறுத்தவன் வீடு என்னுதுன்னு வந்து நிப்பானா?"

"நிக்க மாட்டான். ஆனா செங்கல் மேல இருந்து தானா விழுந்துச்சுன்னு வீட்டுக்காரனும் சொல்ல மாட்டான். டைட்டில்ல என் பேரைப் போட்டா உங்க கிரீடம் சாஞ்சிடுமா?"

தங்கை தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, குழந்தை தூங்குது" என்றாள். அவ்வளவுதான். புருஷன் பக்கமாவது பேசியிருந்தால் சருகு அவளையும் ஒரு பிடி பிடித்திருப்பாள். ஒன்றும் பேசாமல் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அன்றோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டாள்.

அவள் காத்திருந்தாள். வாய்ப்பு ஒரு மின்விசிறி ரூபத்தில் வந்தது.

புதுப் படம். ஒரு பெண் வெக்கையான அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் தன்னிடம் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டான் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. பேச்சே இல்லை. மேலே ஃபேன் சுற்றுகிறது. மாஸ்டர் அந்தக் காட்சிக்கு ஒற்றை வயலினை வைத்திருந்தார், ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கிற மாதிரி. அதன் முன்பதிவு சருகின் கைக்குக் கலவைக்கு முன்னதாகவே வந்தது. கேட்டவுடன் புரிந்துவிட்டது. எந்த ஃபேனுக்கும் ஒரு ரீங்காரம் உண்டு. அவள் ஒரு பழைய ஃபேனைப் பதிவு செய்தாள். கம்ப்யூட்டரில் அந்த ரீங்காரத்தை மெல்ல ஏற்றி ஏற்றி, வயலின் நிற்கிற ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒட்டியும் ஒட்டாமல். தனியாகக் கேட்டால் வெறும் ஃபேன். வயலினோடு சேர்ந்தால் பல் கூசும்.

கலவை நாளில் மாஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்தார். சருகு கடைசி வரிசையில். காட்சி வந்தது. வயலின் எழுந்தது. மாஸ்டரின் தோள் விறைத்தது.

"நிறுத்து. வயலின் சுருதி இறங்குது."

"ரெக்கார்டிங்ல சரியாத்தானே இருந்துச்சு மாஸ்டர்?" என்றார் இன்ஜினியர்.

"சின்ன ரூம்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பெரிய ஹாலுக்கு வந்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

இன்ஜினியர் மற்றதை அடைத்துவிட்டு இசையை மட்டும் ஓட்டிக் காட்டினார். அதற்குள் அந்தப் புளிப்பு மாஸ்டர் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சரியாக இருந்ததும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "பாரு, இப்பவும் இறங்குது" என்று கத்தினார். சருகு இருட்டில் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

மறுநாள் வயலின்காரரை வரவழைத்தார்கள். மாஸ்டரின் முதல் படத்திலிருந்து அவருக்கு வாசிக்கிற பெரியவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். மறுபடி வாசித்தார். படத்தோடு சேர்த்து ஓட்டினார்கள். அதே புளிப்பு.

"கை நடுங்குதா, இல்ல காது போச்சா?" மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "வீட்ல பேரனுக்கு வாசிச்சுக் காட்டுங்க. சினிமாவை விட்டுடுங்க."

பெரியவர் இன்னொரு முறை போடச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா மாஸ்டர்," என்றார் கடைசியில், "இறங்கத்தான் செய்யுது." வயலினைப் பெட்டியில் வைத்தவருக்குக் கொக்கியை மாட்ட வரவில்லை. மாட்டாமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

சருகுக்குத் தொண்டைவரை வந்தது. இப்போது எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாஸ்டரின் பிடரியைப் பார்த்ததும் அந்த ரயில் பேட்டி ஞாபகம் வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் தன் காதை நம்ப முடியாமல் மாஸ்டர் அடுத்த நாள் தங்கையைக் கூட்டிவந்தார். "உன் காது எனக்கு வேணும்" என்று சொல்லியிருந்தாராம். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாம் முறை கேட்கும்போது மெல்லத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலை" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் சருகு எழுந்துபோய் டீ மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஃபேன்" என்றாள் தங்கை.

"என்ன ஃபேன்?"

"எங்கிட்ட நடிக்காதக்கா. அவரை அடிக்கணும்னா அவரை அடிச்சிருக்கணும். அந்தப் பெரியவரை எதுக்கு அடிச்ச?"

"அடிச்சது உன் புருஷன்."

"கம்பு உன்னுது."

சருகு டீயைக் கீழே வைத்தாள். "உன் வீட்ல வச்சு நான் நியாயம் கேட்டப்போ பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தவ, இன்னைக்கு நியாயம் பேச வந்துட்டியா?"

"அன்னைக்கு வாயைத் திறக்காதது தப்புதான். அதான் இன்னைக்குத் திறக்கறேன். உள்ள போய் நீயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்வேன்."

"சொல்லிக்கோ. உன் வீடு, உன் மாஸ்டர்."

தங்கை உள்ளே போய்ச் சொன்னாள்; சருகும் பின்னாலேயே வந்து நின்றாள். இன்ஜினியர் ஃபேனை அடைத்தார். வயலின் மட்டும் துடைத்துவிட்டது போல நின்றது. மாஸ்டர் எழுந்து திரும்பினார். "வெளிய போங்க" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கூச்சலில் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சருகும் சும்மா வரவில்லை. "ரயில்ல வந்த தாளத்தை வாங்கிக்கிட்டீங்கல்ல, ரயில்ல வந்த ஃபேனையும் வாங்கிக்கோங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஸ்டுடியோக்காரர்கள் அவளை மறுநாளிலிருந்து வர வேண்டாமென்றார்கள்.

அதுவரை பேசாமல் இருந்த டைரக்டர், அவள் போன பிறகு, காட்சியை ஃபேனோடு இன்னொரு முறை ஓட்டச் சொன்னாராம். "இது இப்படியே இருக்கட்டும் மாஸ்டர். ஃபேனை எடுத்துட்டா அந்த ரூம்ல புழுக்கமே இல்லை." மாஸ்டர் குதித்தார், மிரட்டினார், படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். டைரக்டர் அசையவில்லை.

படம் வெளியானது. பத்திரிகைகள் அந்தக் காட்சியைத்தான் கொண்டாடின. அபஸ்வரத்தைத் துணிந்து கையாண்ட மேதை என்று மாஸ்டரைப் பற்றி ஒருவர் எழுதினார். டி.வி.யில் கேட்டபோது, "வேணும்னேதான் கொஞ்சம் விலக்கி வச்சேன், அவ மனசு வீட்டோட ஒட்டலை இல்லையா" என்றார் மாஸ்டர். சருகு பக்கத்து வீட்டு டி.வி.யில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். சிரிப்பு நின்ற பிறகுதான் உறைத்தது. அடித்த அடி மாஸ்டர் தலையில் மாலையாக விழுந்திருந்தது. வேறொருவர் மேல் விழுந்தது மட்டும் அடியாகவே இருந்தது.

வயலின்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறி மணியடித்தாள். பெரியவர் கதவைப் பாதி திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை.

"ஐயா, உங்க வாசிப்புல ஒரு குறையும் இல்லை. நான்தான்..."

"தெரியும். மாஸ்டர் ஆளனுப்பினார். மறுபடி வரச் சொன்னார். வர்றதில்லைன்னுட்டேன்."

"எம்மேல கோவம்னா ரெண்டு வார்த்தை திட்டிடுங்க ஐயா."

"உன்னைத் திட்டி என்னம்மா ஆகப்போகுது?" பெரியவரின் குரல் அப்போதும் உயரவில்லை. "அவர் கத்தினது கூடப் பெரிசில்லை. அவர் எல்லார்கிட்டயும் கத்துவார். நானே கேட்டுட்டு, ஆமா இறங்குதுன்னு சொன்னேன் பாரு. என் காதை நம்பித்தான் இத்தனை வருஷம் வாசிச்சேன். இப்ப வில்லை எடுத்தாலே, சரியா இருக்கா, சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். நீ வந்து சரின்னு சொன்னா அது போயிடுமா?"

அவள் வாசலில் கலைந்து கிடந்த அவருடைய செருப்புகளைக் குனிந்து நேராக வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு எதிர்பார்த்து வந்திருந்தா, சொல்ல மாட்டேன். போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. அவள் காதைக் கொடுத்துக்கொண்டே படியிறங்கினாள். உள்ளேயிருந்து வயலின் சத்தம் ஏதும் வரவில்லை.

நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாஸ்டர் படங்கள் அங்கே வருவதில்லை. தங்கையிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. தானாகப் போய்ப் பேச இவளுக்கும் மனமில்லை. போன மாதம் ஒரு படத்தில் வயதான ஒருவர் படியிறங்கிப் போகிற நடை வேண்டியிருந்தது. சருகு மூட்டையைப் பிரித்து, அடி தேய்ந்த ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இறங்கினாள். சரியாக வரவில்லை என்று அவளே சொன்னாள். மறுபடி இறங்கினாள். ரெக்கார்டிஸ்ட் போதும் போதும் என்று கையைக் காட்டியும் கேட்காமல், சாயங்காலம்வரை இறங்கிக்கொண்டே இருந்தாள்.