வாயைத் திறந்தபடி கேட்டவை

சிவகாசியில் ஒரு பல் மருத்துவமனை நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் எச்சிலை உறிஞ்சும் குழாய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். பார்த்து முடித்ததும், சுவரோரம் நின்ற என் கணவரிடம் பேச ஆரம்பித்தார்.

“ஈறு ரொம்பக் கெட்டுப்போயிருக்கு சார். சர்ஜரி பண்ணித்தான் ஆகணும்.”

“பண்ணிருங்க சார்.”

“இவங்களுக்கு சுகர், பிரஷர் ஏதும் உண்டா?”

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்.”

நான் கையைத் தூக்கினேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டாலும், பிற்காலத்தில் திரும்ப வரலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டார். “அசையாம இருங்க டீச்சர்” என்றார். குழாயை எடுத்தபோது டாக்டர் அடுத்த அறைக்குப் போயிருந்தார். என் கணவர் வரவேற்பு மேசையில் எனக்குத் தேதி வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள். பல் துலக்கும்போது ரத்தம் வர ஆரம்பித்து, பிறகு வாய் நாற்றம் வந்து, பிள்ளைகளின் நோட்டுக்கு மேல் குனியும்போது உதட்டை இறுக மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன். இடது பக்கம் கீழ்ப்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடியது. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கப்படவில்லை.

இடது பக்கத்து சர்ஜரி அன்று, ஊசி போடும் முன்பே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். “டாக்டர், பிள்ளை உண்டாகியிருந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சு.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அன்னைக்கு இல்லைன்னு சொன்னீங்களே சார்?” என்று என் கணவரைக் கேட்டார்.

“அது எப்பவோ வந்தது சார். இப்ப இல்ல” என்றார் என் கணவர். அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். தீபாவளி சீசன். அவருடைய செல்போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“அப்பப் பிரச்சனை இல்ல” என்றார் டாக்டர். ஊசி உள்ளே போய்விட்டது.

வலி இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போன தாடைக்குள் யாரோ சுரண்டும் சத்தம் மட்டும் மண்டையில் கேட்டது. எதைச் சுரண்டுகிறார்கள், எலும்பையா, பல்லையா, ஒன்றும் தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ரோஸ் நிறத்தில் களிமண் மாதிரி ஒன்றை ஈறுமேல் அப்பினார்கள். “சூடா எதுவும் சாப்பிட வேணாம்னு சொல்லிருங்க சார்” என்றார் டாக்டர். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கன்னம் வீங்கியது. இரண்டு நாள் கழித்துக் கஞ்சி குடிக்கும்போது அந்த ரோஸ் களிமண் ஒரு துண்டாகப் பெயர்ந்து நாக்கில் விழுந்தது. ஈறே கழன்று வந்துவிட்டது என்று பயந்துபோனேன். மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

“டாக்டர் கேஸ் பாத்துக்கிட்டு இருக்காரு. சாருட்ட பேசச் சொல்லவா?” என்றது வரவேற்பில் இருந்த குரல்.

“எந்தச் சாருட்ட?”

“உங்க வீட்டு சாருட்டதான்.”

போனை வைத்துவிட்டேன். வீங்கிய வாயோடு சத்தம் போடக்கூட முடியவில்லை.

தையல் பிரித்த பிறகும் புண் ஆறவில்லை. சீழ் வைத்தது. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். மறுபடியும் மாற்றினார். எங்கள் பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, விருதுநகரில் ஈறு வைத்தியம் மட்டும் படித்த டாக்டரம்மா இருக்கிறார் என்று சொன்னாள். ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அந்தம்மா வாயைத் திறக்கச் சொல்லும் முன்னால் என்னைப் பேசச் சொன்னார். பிள்ளைப்பேற்றுச் சர்க்கரையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, “முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க” என்றார். ரிசல்ட்டைப் பார்த்த லேப்காரரே சாப்பிட்டுவிட்டு வந்தேனா என்று கேட்டார். வெறும் வயிற்றில்தான் கொடுத்திருந்தேன். சர்க்கரை அம்புட்டு ஏறிக்கிடந்தது.

“இவ்வளவு சுகரோட கத்தி வச்சா புண்ணு எப்படிம்மா ஆறும்?” என்றார் அந்தம்மா. “ஈறு கெட்டா சுகர் ஏறும். சுகர் ஏறுனா ஈறு கெடும். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். முதல்ல சுகரைக் கொறைங்க. அடுத்த பக்கத்தை அப்புறம் தொடுவோம்.”

பிறகு என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். ஈறை லேசாகத் திறந்து, வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுத்து, திரும்பத் தைப்பதுதான் இந்த சர்ஜரி என்றார். மேலே அப்புவது புண்ணை மூடும் கட்டு. அது முன்னாடியே விழுந்தால் பயப்பட வேண்டாம், போன் செய்தால் போதும். அன்றைக்கு முழுக்கக் கன்னத்தில் ஐஸ் வைக்க வேண்டும். தையல் பிரிக்கும்வரை அந்தப் பக்கம் பிரஷ் கூடாது. வாய் கொப்பளிக்கிற மருந்தால் பல் கொஞ்சம் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்கும்போது பல் நீளமாகத் தெரியும். தண்ணி குடித்தால் கூசும். “கண்ணாடியில பாத்துட்டு அழக் கூடாது. அது ஆறுறதுக்கு அடையாளம்” என்றார்.

அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லத்தான் அந்த சிவகாசி டாக்டருக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது, இடது பக்கத்துப் புண்ணும் ஆறியது. வலது பக்கத்துக்கு அந்தம்மா சர்ஜரி செய்தார். சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தது. வீக்கம் வந்தபோது நான் பாட்டுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் சிவகாசி டாக்டரைப் பார்க்கப் போனேன். தாயில்பட்டிப் பக்கமிருந்து வந்த, பட்டாசு வேலை பார்க்கும் பெண்கள் சிலர் விரலில் அலுமினியப் பவுடரின் வெள்ளிப் பூச்சு போகாமல் காத்திருந்தார்கள். உள்ளே போனதும் டாக்டர் எனக்குப் பின்னால் பார்த்தார்.

“சார் வரலையா?”

“வாய் எனக்குத்தான சார் இருக்கு” என்று சொல்லி, ரத்த ரிசல்ட்டை மேசையில் வைத்தேன்.

பார்த்தார். “சார்தான சுகர் இல்லைன்னாரு.”

“நான் இருந்துச்சுன்னு சொன்னேன். நீங்க அவர்ட்ட கேட்டீங்க. ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?”

“எல்லாருக்கும் உக்காந்து விளக்கிட்டிருந்தா நான் எப்பம்மா வேலை பாக்குறது? வெளிய எத்தனை பேரு இருக்காக பாருங்க.”

“அவுகளுக்கும் சேத்துத்தான் சார் கேக்குறேன்.”

அவர் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் எழுந்து வந்தேன்.

சாயங்காலம் என் கணவர் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டார். “டாக்டர் எனக்குப் போன் பண்ணாரு. அங்கன போயி சத்தம் போட்டியாமே?”

என்னைப் பற்றிய புகாரையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். அன்று சோறு வைக்காமல், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் அவரை உட்கார வைத்துச் சொன்னேன். சர்க்கரையை இல்லை என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது அவர் தலை குனிந்திருந்தார்.

“சீக்கிரம் முடியட்டும்னு சொல்லிட்டேன்” என்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“ஆமா” என்றார்.

இடது பக்கத்து ஆடும் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அதைச் சுற்றி எலும்பு கரைந்துவிட்டது என்று எக்ஸ்ரே படத்தில் காட்டி, என்னிடம் சம்மதம் கேட்டு, விருதுநகர் டாக்டரம்மா பிடுங்கினார். மற்ற பற்கள் இப்போது உறுதியாக இருக்கின்றன. ரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. வகுப்பில் பிள்ளைகளின் பக்கத்தில் நின்றே பேசுகிறேன். கோபம் மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.