பச்சை அடித்த வீடு

தன் புருஷன் பிடித்து வந்த மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள் அஞ்சலாட்சி. குருசுக்குப்பத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசையில், தெருக்குழாய்க்கு எதிர் வீடு அவளுடையது. ஐஸ்காரன் கட்டியை இறக்கினால் நான்கு பக்கமும் தட்டிப் பார்ப்பாள். கெங்கையம்மன் கோயிலில் சாமியாடி குறி சொன்னால், போன வருஷம் சொன்னது பலித்ததா என்று அங்கேயே நின்று கேட்பாள். அவள் புருஷன் அம்மாவாசைக்கு இருபத்து மூன்று வருஷத்தில் இதெல்லாம் பழகிவிட்டது. "அவகிட்ட கேட்டுட்டுதான் அலையே வரும்" என்று கரையில் சொல்லிச் சிரிப்பார். சுனாமிக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்.

இந்தக் குணம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. சுனாமி வந்த மறுமாதம் ஆபீசிலிருந்து பலகையும் பென்சிலுமாக ஒரு ஆள் வந்தார். நல்ல மனுஷனாகப் பேசினார். வீட்டுக்கு எத்தனை பேர், சுவர் எங்கே இடிந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். உதவி வரப்போகிறது என்று ஆளாளுக்கு நாற்காலி போட்டார்கள். அஞ்சலாட்சி மோர் கரைத்துக் கொடுத்தாள். அந்தக் காகிதம் அடுத்த ஐப்பசி மழைக்குள் ஒரு பட்டியலாகத் திரும்பி வந்தது. கரையோரத்தில் இருக்கத் தகுதியில்லாத வீடுகள் என்று பதினோரு வீடுகள். அவள் கொழுந்தன் ராமலிங்கத்தின் வீடும் அதில் இருந்தது. இப்போது அவன் குடும்பம் ஊருக்கு மேற்கே ஒரு காலனியில் இருக்கிறது. சிமெண்டுத் தரை, மாடிப்படி எல்லாம் உண்டு, கடல் மட்டும் இல்லை. அவன் விடியற்காலையில் சைக்கிள் மிதித்து வருவதற்குள் படகு போய்விடும். ஆறு மாதம் பார்த்தான், பிறகு கொத்து வேலைக்குப் போய்விட்டான்.

அந்த ஆளுக்கு மோர் கொடுத்த கையை நினைத்தால் அஞ்சலாட்சிக்கு வயிறு எரியும். அவள் வீட்டுக்கும் பட்டா கிடையாது. மாமனார் காலத்திலிருந்து இருக்கிறோம் என்ற வாய்ப்பேச்சுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

அதனால்தான் 2007 பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆள் கையில் பலகையும் பென்சிலுமாக, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே தெருக்குழாயிலிருந்து அவள் வாசலை நோக்கி நடந்து வந்தபோது, அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"யாருய்யா நீ?"

"எம் பேரு ஹரிகிருஷ்ணன்மா, லாஸ்பேட்டை. நாங்க ஒரு கிளப்பு வச்சிருக்கோம். இந்தக் குப்பத்துக்கு மேப்பு போடறோம்."

"இன்னாத்துக்கு?"

"ஓடறதுக்கு."

அஞ்சலாட்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொப்பை இருந்தது. ஓடுகிற உடம்பாகத் தெரியவில்லை.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ஓடுகிறவர்களுக்கு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துவிடுவார்களாம். அதைப் பார்த்து வழி கண்டுபிடித்து, அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகத் தொட்டுவிட்டு வர வேண்டுமாம். மாதம் ஒரு ஞாயிறு, மாதத்துக்கு ஓர் இடம். பாரதி பூங்காவில் ஒன்று முடிந்துவிட்டதாம், ஏப்ரலில் குருசுக்குப்பமாம். பெரியவர், சின்னவர், பொம்பளைகள், யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது.

காசு கிடையாது என்றதும் அஞ்சலாட்சிக்கு மீதிச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. எவனாவது சும்மா வந்து ஒரு குப்பத்தை அளப்பானா?

"உன்ன நான் பாத்திருக்கேன். நீ கவர்மெண்டு ஆபீசுல கம்பிக்கு அந்தாண்ட உக்காந்திருக்கறவன்தான?"

அவர் முகம் சற்று மாறியது. "அது வேலைம்மா. இது ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம ஆனா ஆளு மாறிடுவியா?"

அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவள் வீட்டுப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். கருவாடு காயப்போடும் பின்கொல்லை, ஒரு பூவரச மரம், அதைத் தாண்டினால் கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கல். குப்பத்துப் பிள்ளைகள் கரைக்குப் போக அதைத்தான் குறுக்கு வழியாக வைத்திருந்தார்கள். "இந்த வழி அப்படியே கரைக்குப் போவுதாம்மா? ஒரு தடவ நடந்து பாத்துக்கறேன்" என்று ஒரு காலை எடுத்து வைத்தார்.

துடைப்பம் அவர் முழங்காலுக்கு நேராக வந்து நின்றது. "இது வழி கெடையாது. என் வூடு. என்னைக் கேக்காம எவன் கால வச்சாலும் ஒடிச்சிடுவேன். எழுதிக்க."

அவர் நிஜமாகவே எழுதிக்கொண்டார். பலகையில் குனிந்து, பென்சிலை மாற்றி, நிதானமாக என்னவோ தீட்டிவிட்டு, "சரிம்மா" என்று போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சண்டை போடாமல் எழுதிக்கொண்டு போனதுதான் அவளைத் தின்றது.

பிப்ரவரி ஆட்டம் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் மைதானத்தில் என்று கேள்விப்பட்டு, மீன்கூடையோடு பஸ் ஏறிப் போனாள். அங்கே கண்டதை அவள் அம்மாவாசையிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. படித்த பெரிய மனுஷர்கள் அரைக்கால் சட்டையோடு புதருக்குள் நுழைகிறார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்கொடி தொங்குகிறது. அதில் கட்டியிருக்கும் குத்தூசியால் ஓர் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்த புதருக்கு ஓடுகிறார்கள். முடிவில் ஒரு சொம்பு கூடப் பரிசு கிடையாது, ஆளுக்கு ஒரு வாழைப்பழம்.

"பயித்தியக்காரனுங்களா இருக்கும்" என்றார் அம்மாவாசை.

"பயித்தியக்காரன் மணி பாத்து ஓட மாட்டான். இவனுங்க மணி பாக்கறானுங்க."

அவளை உலுக்கியது இன்னொன்று. கைக்கடிகாரத்தோடு முடிவுக்கோட்டில் உட்கார்ந்திருந்தவர் சொல்தா லெயோன். முத்தியால்பேட்டைக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மனைவி கிளோதினுக்குப் பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் கொடுப்பவள் அஞ்சலாட்சிதான். அவள் பாதியாவது நம்பிய ஒரே வீடு அது. அதுவும் போயிற்று என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, கூடைக்காரி அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சங்கரா மீனை எடை போட்டபடியே கிளோதினின் வாயைக் கிளறினாள் அஞ்சலாட்சி.

"ஒங்க முசியே இப்பல்லாம் வூட்ல தங்கறதே இல்ல போலருக்கே?"

"ரெத்ரேத் ஆயி பென்ஷன் வந்ததுலேர்ந்து இதே வேலதான்" என்றாள் கிளோதின். "பட்டாளத்துல கத்துக்கிட்டாராம். காட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு, மேப்ப வச்சு வந்து சேருன்னுவாங்களாம். இப்ப ஊர்ல இருக்கற எல்லாரையும் தொலைஞ்சி போவச் சொல்றார். நீ தலைய வெட்டாத, அப்படியே குடு."

பட்டாளம் என்ற சொல் மட்டும் அஞ்சலாட்சியின் காதில் நின்றது.

தவக்காலம் முடியப் போகிற நேரம். மார்ச் கடைசி வெள்ளியன்று, கிளோதின் சில்லறை எடுக்க உள்ளே போனபோது, சாப்பாட்டு மேசைமேல் ஒரு கட்டு காகிதம் கண்ணில் பட்டது. புத்தம் புது அச்சு. கெங்கையம்மன் கோயிலை முதலில் அடையாளம் கண்டாள். பிறகு தெருக்குழாய், ஒரு சின்ன நீலப் புள்ளி. வீடெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள், தெருவெல்லாம் ஒரே வெளிர் நிறம். குழாய்க்கு எதிரே ஒரே ஓர் இடம் மட்டும் பாசி பிடித்த மாதிரி மந்தமான பச்சையில் இருந்தது. பின்கொல்லை, பூவரச மரம், கருங்கல் வரைக்கும். அந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலும் அந்த நிறம் இல்லை.

ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ விளக்கம் இருந்தது, எல்லாம் இங்கிலீஷ். ஒரு தாளை உருவி, கூடையில் மீனுக்கு அடியில் சொருகிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்த முதல் பொருள் அதுதான்.

"மொதல்ல நம்ம வூடுதான்" என்று அம்மாவாசையிடம் விரித்துக் காட்டினாள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்ச நல்ல கலருதான?"

"ஒனக்குக் குழி வெட்டற எடத்துல புல்லு மொளைக்கும். அதுவும் பச்சதான்."

ஏப்ரல் ஞாயிறு வந்தது. ஆறு மணிக்கு லெயோனின் ஆட்கள் குப்பத்துக்குள் கொடிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆறரைக்குள் அஞ்சலாட்சி அவற்றில் ஆறை அவிழ்த்துக் கொண்டுவந்து, பின்கொல்லையில் பழைய வலைக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். துடைப்பம் மடியில் இருந்தது. இன்றைக்கு எவன் உள்ளே வந்தாலும் குப்பமே கூடுகிற மாதிரி கத்துவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஓட்டம் ஆரம்பமாயிற்று. நாற்பது பேர் இருப்பார்கள். கொடி இருக்க வேண்டிய இடத்தில் கொடி இல்லாமல் மாவு மிஷினைச் சுற்றினார்கள், கோயிலைச் சுற்றினார்கள். குப்பத்துப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் கருங்கல் பக்கம் போக வேண்டும் போலிருக்கிறது. அவள் கொல்லையை நோக்கி நேராக ஓடி வந்தார். அஞ்சலாட்சி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த ஆள் வேலி இல்லாத எல்லையில் சட்டென்று நின்றார், காகிதத்தைப் பார்த்தார், திரும்பி, தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அடுத்து ஒரு பெண், அவளும் அப்படியே. பிறகு இருவர், அதன்பின் ஒரு கிழவர். எதிரே நான்கு எட்டில் கரை இருக்க, ஒருவர் பாதமும் அவள் மண்ணில் படவில்லை.

யாரும் அவளைப் பார்க்கக் கூட இல்லை. அவர்களை நிறுத்தியது துடைப்பம் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது, எது என்று புரியவில்லை. கத்துவதற்குச் சேர்த்து வைத்திருந்த மூச்சு வீணாகிக்கொண்டிருந்தது.

எட்டரை மணிக்கு லெயோன் வந்தார், பின்னால் ஹரிகிருஷ்ணன். இருவரும் எல்லையிலேயே நின்றார்கள்.

"அஞ்சலாட்சி, கொடிய எடுத்தது நீதான்னு சொல்றாங்க" என்றார் லெயோன். கோபமாகத்தான் இருந்தார்.

அவள் இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். மீன் நாற்றம் அடித்தது. "மொதல்ல நீங்க சொல்லுங்க முசியே. பன்னண்டு வருஷம் என் கையால வாங்கித் தின்னீங்க. என் வூட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கலரு? எப்ப இடிக்கப் போறீங்க?"

லெயோன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபம் எங்கோ போய்விட்டது. "இடிக்கறதா? இந்தக் கலரு இருக்கற எடத்துல யாரும் கால வைக்கக் கூடாது. வச்சா அவங்க ஆட்டமே செல்லாது. வெளிய அனுப்பிடுவோம்."

"யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான்" என்றார் ஹரிகிருஷ்ணன் மெதுவாக. "சனவரியில எழுதிக்கன்னு சொன்னீங்களே. எழுதிக்கிட்டேன்."

அஞ்சலாட்சி உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அவள் சொன்னதை ஒருவன் எழுதி, அதற்கு நாற்பது பேர் கட்டுப்பட்டு நின்றதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் மறைக்கவில்லை. வலையைத் தூக்கி ஆறு கொடிகளையும் எடுத்துக் கொடுத்தாள்.

லெயோன் கொடிகளோடு நடந்ததும் ஹரிகிருஷ்ணன் ஒரு நிமிஷம் பின்தங்கினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சந்தேகப்பட்டதுல தப்பில்லம்மா. ஆளுதான் தப்பு. ஜூன்ல கணக்கெடுக்க வர்றாங்க. உள்ள வந்து அளந்தாதான் பட்டியல் போட முடியும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆளும் கம்பிக்கு அந்தாண்டை ஆளும் ஒரே சட்டைக்குள் இருப்பது அவள் கண்ணுக்கு அப்போது தெரிந்தது.

"இந்தக் கலரு ஆபீசுல செல்லுமா?" என்று கேட்டாள்.

"செல்லாதும்மா. இது வெளையாட்டுக்கு மட்டுந்தான்."

"சரி, நீங்க போங்க" என்றாள். முதல் தடவையாக அவரை நீங்க என்றாள்.

அந்த வாரமே வீடு வீடாகப் போனாள். தாளைக் காட்டி, நாற்பது பேர் திரும்பிப் போன கதையைச் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகியிடம் கலர் பென்சில் வாங்கி, அளக்க வருகிறவனை உள்ளே விடமாட்டோம் என்று சம்மதம் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் எதிரிலேயே பச்சை அடித்தாள். மே மாதம் முடியும்போது வரிசை முழுக்கப் பச்சையாகிவிட்டது, இருபத்தெட்டு வீடு.

ஜூனில் ஆபீசிலிருந்து பலகைக்காரர் வந்தார். நல்ல மனுஷனாகத்தான் பேசினார். யாரும் நாற்காலி போடவில்லை. இருபத்தெட்டு வாசலிலும் ஒரு பொம்பளை நின்றாள், கையில் துடைப்பம் கூட இல்லாமல். அவர் முதல் வாசலில் ஆரம்பித்துக் கடைசி வாசல் வரை போனார். தெருக்குழாயடியில் நின்று, ஒரே வரியை இருபத்தெட்டு முறை எழுதினார்: உள்ளே விட மறுத்தார்கள்.

"மோராவது குடுத்திருக்கலாம், வெயில்ல வந்த மனுஷன்" என்றார் அம்மாவாசை.

பட்டியல் அந்த மழைக்கும் வரவில்லை, அடுத்த மழைக்கும் வரவில்லை. இனிமேல் வராது என்று அம்மாவாசை சொல்லிக்கொண்டிருக்கிறார். அஞ்சலாட்சி அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்கிறாள்.