தனபாலன் வீட்டு விண்வெளிப் போர்

பேசினால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுசன் தனபாலன். செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன் வேலை. கோலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசைவீட்டு லயத்தில் பன்னிரண்டு வருசமாகக் குடியிருந்தும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடையாது. கெட்டவர் என்றா? ஐயோ, தங்கமான ஆள்! கூச்சம், வேறென்ன.

எண்பத்தைந்தாம் வருசத்தில் அந்தக் கூச்சத்துக்கு மருந்து கிடைத்தது. டவுன் கடையில் கட்டம் போட்ட தாள் வாங்கி, ஒட்டி, மேசை அகலத்துக்கு ஒரு விண்வெளியை உண்டாக்கினார். சோடா மூடி கப்பல், தீக்குச்சி ஏவுகணை. ஆளுக்கு நூறு புள்ளி. அதில் பீரங்கிக் கப்பலோ ஏவுகணைப் படகோ இஷ்டம்போல எடுத்துக்கொள்ளலாம். அடுத்த நகர்வைத் துண்டுச்சீட்டில் ரகசியமாக எழுதி, எல்லாரும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். பீரங்கி அடிக்க மூன்று கட்டம் வரை நெருங்கணும். ஏவுகணையோ பன்னிரண்டு கட்டம் பாயும். ஆனால் பாய்ந்து வருகிற ஏவுகணையில் இரண்டை எந்தக் கப்பலும் சுட்டு வீழ்த்திவிடும்.

லோரி ஓட்டும் சோமுவும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமியும் ஒரு ஞாயிறு மத்தியானம் சும்மா எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. தனபாலன் வாய்விட்டுச் சிரிப்பதை லயத்து ஆட்கள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"நானும் ஆடுறேன்லா" என்று வந்து உட்கார்ந்தாள் அவர் மனைவி அமராவதி. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். பெரிய கப்பல் ஒன்றுகூட எடுக்கவில்லை. நூறு புள்ளிக்கும் பத்து ஏவுகணைப் படகாகவே எடுத்தாள். பத்தையும் ஒரே கப்பல்மேல் ஏவினாள். இரண்டைத்தான் சுட முடிந்தது, மிச்சம் எட்டும் இறங்கிக் கப்பல் காலி. அடுத்த நகர்வில் இன்னொன்று. பீரங்கிகள் பக்கத்தில் வருவதற்குள் கதை முடிந்தது. நாலு ஞாயிறும் இதே கூத்து.

"அண்ணி, இது சண்டை இல்ல, கொலை!" என்று கத்தினான் சோமு.

ஐந்தாம் வாரம் கிராணிக்குத் தலைவலி. சோமுவின் லோரிக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்து என்னமோ கோளாறு. காலியான நாற்காலிகளைப் பார்த்துத் தனபாலன் ஆடிப்போனார். வீடு பழையபடி ஊமையாகிவிடுமே! வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடைசியில் செய்தார் பாருங்கள் ஒரு காரியம், பாவி மனுசன்.

"அமரா, இந்த வாரம் நீ ஆட வேணாம்."

அவள் விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின.

சேதி கேட்டு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். கப்பல்களை மேசையில் அடுக்கினால், அடக் கடவுளே! தனபாலனையும் சேர்த்து மூன்று பேருமே அமராவதியைக் காப்பியடித்து ஏவுகணைப் படகாகவே எடுத்திருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் ஏவி, ஐந்தே நிமிசத்தில் மேசைமேல் ஒரு சோடா மூடி மிச்சமில்லை. கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். சோமு எழுந்து செருப்பைத் தேடினான்.

"ஒரே மரத்த தெனமும் வெட்டுவாங்களா?" அடுப்படி வாசலில் நின்றாள் அமராவதி. "மரம் பட்டுப்போவும்ல. அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுறோம். ஏவுகணை விட்ட படகும் அடுத்த தடவ சும்மா கெடக்கட்டும்."

"அப்ப அந்த நேரத்துல நான் பீரங்கியோட கிட்ட வந்துருவேனே!" சோமு மறுபடி உட்கார்ந்தான்.

"பாதிய ஏவிட்டுப் பாதிய கையில வச்சிருந்தா?" என்றார் கிராணி.

தனபாலன் எழுந்தார். "அமரா, ஒன்னய ஆட வேணாம்னு சொன்னது என் புத்திகெட்டத்தனம். வந்து உக்காரு." நாலு பேர் முன்னால் அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

இரண்டு மணி நேரம் போராடி அன்றைக்கு அமராவதி தோற்றாள். படகுகள் ஓய்ந்து நின்ற சமயம் பார்த்து சோமுவின் பீரங்கி உள்ளே புகுந்துவிட்டது. சந்தோசத்தில் அவன் குதித்த குதியில் லயமே கூடியது. அடுத்த வாரம் சீக்கிரமே வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் இருவரும் போனார்கள்.

"நீ தோத்துருவேன்னு தெரிஞ்சேவா அந்த யோசனையச் சொன்ன?" என்று கேட்டார் தனபாலன்.

"தெரியாமயா? அவங்க வராத வாரம் ஒங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல. இந்த மேசையிலதான் ஒங்களுக்குப் பேச்சே வருது. எனக்கும் அதக் கேக்கணும்னு ஆசை இருக்காதா? அதுக்குத்தான் நானும் ஆட வந்தேன்."

தனபாலன் சோடா மூடிகளைத் திரட்டி எடுத்தார். தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், முந்தின நாள் ஆலையில் நடந்ததிலிருந்து பேசத் தொடங்கினார்.