யாழினியின் வலது கை

இங்கே கிண்டர்கார்டனில் காலை உணவு வேளையில் மூன்று வயதுப் பிள்ளைகளின் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். மொண்ணைக் கத்திதான், ஆனாலும் கத்தி. ரொட்டியில் வெண்ணெய் தடவுவது, வெள்ளரிக்காய் வெட்டுவது, கண்ணாடி ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வது எல்லாம் அவர்களே செய்யவேண்டும். சிந்தினால் துடைத்துக்கொள்ள அவர்களுக்கு எட்டும் உயரத்தில் துணி தொங்குகிறது. ஆசிரியைகள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் ஊட்டிவிடுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். முதல் வாரம் அந்த அறையின் ஓரத்தில் நின்றிருந்தேன். என் மகள் யாழினியின் இடது கையில் கத்தி இருந்தது. ரொட்டியை அமுக்கிப் பிடித்திருக்கவேண்டிய வலது கை மேசை விளிம்பில் மூடிக் கிடந்தது. அவள் வெண்ணெய் தடவத் தடவ, தட்டு நகர்ந்துகொண்டே போனது. நான் குனிந்து தட்டைப் பிடிக்கப் போனேன். ஆசிரியை என் முழங்கையைத் தொட்டு, "லாஸன் ஸீ ஸீ" என்றார். அவளை விடுங்கள் என்று பொருள். குழந்தையின் கையைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது, படிவம் எதையும் படிக்கவில்லை போல என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லாம் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கைக்குழந்தையோடு மொழி தெரியாத நாட்டில் இருப்பவர்களும், ஊரிலிருந்து வீடியோ காலில் குழந்தையைக் கொஞ்சுகிறவர்களும் இதைப் படித்தால் நல்லது.

நான் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை. திருமணமாகி ஜெர்மனிக்கு வந்தேன். காசெல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். யாழினி இங்கேதான் பிறந்தாள். பத்து மாதம் ஆகப்போகிற சமயத்தில் வழக்கமான பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப் போனேன். கணவர் சிவாவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. டாக்டர் ஒரு சிவப்பு மரக்கட்டையை நீட்டினார். யாழினி இடது கையால் வாங்கினாள். கட்டையை அவளுடைய வலது பக்கம் கொண்டுபோய் நீட்டினார். அவள் உடம்பைத் திருப்பி, இடது கையையே குறுக்கே நீட்டி எடுத்தாள். "இம்மர் லிங்க்ஸ்?" என்று கேட்டார். எப்போதும் இடதுதானா என்று கேட்கிறார் என்று புரிந்தது. ஏன் கேட்கிறார் என்றுதான் புரியவில்லை. நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே, அதைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இல்லை இல்லை, எங்கள் ஊரில் வலது கையில்தான் சாப்பிடுவோம், பழக்கிவிடுவேன் என்றேன். அவர் முகம் மாறியது. பழக்கவேண்டாம் என்று கையசைத்து, "பெயோபாக்டன்" என்று மெதுவாகச் சொன்னார். கவனித்துப் பாருங்கள் என்று அர்த்தம். ஊருக்குப் போகவிருக்கிறோம் என்றேன், போய்வந்தவுடன் மறுபடி கூட்டிவரச் சொன்னார். இரவு சிவாவிடம் சொன்னபோது, இந்த நாட்டில் இடது கைப் பிள்ளைகளைத் திருத்தமாட்டார்கள், அதைத்தான் சொல்லியிருப்பார் என்றார். எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக நானும் யாழினியும் முதலில் கிளம்பினோம். சிவா பிறகு வருவதாக ஏற்பாடு. அடி அண்ணாமலையில் என் அக்கா வசந்தாவின் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. முன்பக்கம் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் பொரிப் பொட்டலமும் போகும். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டதால் யாழினியை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள்.

இரண்டு நாளிலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாடி கலா இது, எது குடுத்தாலும் பீச்சாங்கையிலயே வாங்குது. நாளைக்கு கோயில்ல பிரசாதத்தையும் இப்பிடியே வாங்குமா?" என்றாள். ஜெர்மன் டாக்டர் பழக்கவேண்டாம் என்றதைச் சொன்னேன். அவருக்கு நம்ம பழக்கம் என்ன தெரியும் என்று அதைத் தள்ளிவிட்டாள். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே திருத்தினால் சுலபம் என்பது அவள் கட்சி. மறுநாள் காலை, குழந்தையின் இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டாள். தட்டில் இட்லித் துண்டுகளைப் போட்டு முன்னால் வைத்தாள்.

யாழினி முதலில் சாக்ஸைப் பல்லால் இழுத்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். பசி. வலது கையைத் தூக்கினாள், ஆனால் விரல்கள் பிரியவில்லை. மூடிய கை இட்லியின்மேல் இடித்து இடித்து விழுந்தது. இட்லி நசுங்கியதே தவிர ஒரு துணுக்கும் கைக்குள் போகவில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள்ளே மடங்கி இருந்தது. குழந்தைக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனாள். அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் விடு, தானா வரும் என்றாள். நான் போய் அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்க முடிந்தது. விட்டதும் மெல்ல மூடிக்கொண்டது. இடது கையைவிட அது விறைப்பாக இருந்தது. உள்ளங்கை மடிப்பில் வெள்ளையாக அழுக்குச் சேர்ந்திருந்தது. குளிப்பாட்டும்போதெல்லாம் அங்கே அழுக்குச் சேரும். குண்டுக் குழந்தை, கை மடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் "பெயோபாக்டன்" என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது.

செங்கம் ரோட்டில் குழந்தைகளுக்கான டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மாலையில் பார்ப்பார், மறுநாள் வெளியூர் போகிறார் என்றார்கள். அன்று பௌர்ணமி. மதியத்திலிருந்தே பாதையில் வண்டியை விடவில்லை. அக்காவின் கணவர், முருகன் மாமா, வயல் வழியாக பைக்கில் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டார். அதற்குமேல் போலீஸ் தடுப்பு. நடந்தோம். மலையைச் சுற்றுகிற கூட்டம் எங்களுக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. தோளோடு தோள் உரச வெறுங்காலில் வருகிறவர்கள், "எதிர்ல வராதீங்கம்மா, திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கினார்கள். குழந்தையை மார்போடு அணைத்திருந்தேன். அவள் இடது கை என் தாலிச் சரட்டைப் பிடித்திருந்தது. வலது கை எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அது எங்கே இருக்கிறதென்று அவளுக்கே தெரியாதது போல இருந்தது. அக்கா என் பின்னால் வந்தாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஒரு வளையலைக் கொடுத்தார், மணியைக் கொடுத்தார். பிறகு யாழினியை வயிற்றில் தாங்கிப் பிடித்து, தலை முன்னால் வரும்படி மேசையை நோக்கிச் சட்டென்று தாழ்த்தினார். விழப்போகிறோம் என்று நினைத்த குழந்தையின் இடது கை, விரல்கள் அகல விரிய, முன்னால் நீண்டது. வலது கை மடங்கியபடியே மார்போடு இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. அக்காதான் முதலில் பேசினாள். இடது கைப் பழக்கம்தானே, திருத்திவிட்டால் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்டாள்.

"ஒரு வயசுக்குள்ள சோத்துக்கை பீச்சாங்கைனு எதுவும் கிடையாதுங்க. ரெண்டு கையும் ஒண்ணாதான் வளரணும். ஒரே கையில எடுக்குதுன்னா, இன்னொரு கையால முடியலனு அர்த்தம்" என்றார்.

பிறந்தவுடன் மூடியிருக்கும் கை மூன்று நான்கு மாதத்தில் திறந்துகொள்ளவேண்டும், ஆறு மாதத்தில் பொருளைக் கைக்குக் கை மாற்றவேண்டும், ஒரு வயதை நெருங்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் பொடியைக்கூடப் பொறுக்கவேண்டும் என்று விளக்கினார். பிறக்கும் சமயத்திலோ அதற்குச் சற்று முன்போ மூளையின் இடது பக்கத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். அக்கா தாழ்ந்த குரலில், "நான் காலையில கைய கட்டிப்புட்டேன் டாக்டர். அதனால எதுனா ஆயிருக்குமா?" என்று கேட்டாள். அதனால் ஒன்றும் இல்லை, இது எப்போதோ நடந்தது என்று அவர் சொன்னபிறகும் அக்காவின் முகம் தெளியவில்லை.

வேலூரில் எடுத்த ஸ்கேன் டாக்டரம்மா சொன்னதைத்தான் சொன்னது. சிவா அன்றே போனில், உடனே கிளம்பி வந்துவிடு, இங்கே எல்லாம் முறையாகப் பார்ப்பார்கள் என்றார். விசாரித்ததில் கைப்பயிற்சிக்கு, அதாவது எர்கோதெரபிக்கு, அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்தது. திருவண்ணாமலை டவுனிலோ அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம் என்றார்கள். மூளை வேகமாக வளர்கிற காலம் இது, ஒரு மாதம்கூட வீணாக்கவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கே இருப்பது என்பதில் எனக்கும் சிவாவுக்கும் வாக்குவாதம் முற்றியது. நல்ல வைத்தியத்துக்காகத்தானே அந்த நாட்டில் இருக்கிறோம் என்று அவர் கேட்டார். நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன்.

பயிற்சிக்குப் போன முதல் நாளே எனக்கும் அக்காவுக்கும் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சி கொடுக்கும் பெண், யாழினியின் இடது கையில் மெத்தென்ற துணி உறை ஒன்றை மாட்டினார். நல்ல கையைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்தால்தான் மறந்துபோன கை வேலைக்கு வரும் என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கேட்க நினைத்தது அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கவேண்டும். தினமும் அரைமணி நேரம் போதும், அதற்குமேல் வேண்டாம், விளையாட்டாக இருக்கவேண்டும், குழந்தை அழுதால் உடனே கழற்றிவிடவேண்டும், முடியாததைக் கொடுக்கக்கூடாது என்றார். மற்ற நேரத்தில் பெரிய பந்து, டப்பா மூடி என்று இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் விளையாட்டுகளைக் கொடுக்கச் சொன்னார்.

அதன்பிறகு அந்த அரைமணி அக்காவுடையதானது. மாமாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டுக் குழந்தையோடு தரையில் உட்காருவாள். முதல் வாரங்களில் கை அசைந்து ஒரு பாத்திரத்தைத் தள்ளினாலே பெரிய விஷயம். பிறகு ஈரத் துணியைப் பிடித்தது. பிடித்ததை விடத் தெரியவில்லை. எடுப்பதைவிட விடுவது கஷ்டம் என்று அப்போதுதான் அறிந்தேன். சில நாள் ஒன்றுமே நடக்காது. அந்த நாட்களில் அக்கா எழுந்து போய்ப் பாத்திரங்களை ஓங்கித் தேய்ப்பாள். ஒருநாள் மட்டும், "இது ஆவாதுடி, நீ அவரு சொல்றா மாதிரி ஊருக்கே போயிடு" என்றாள். அவள் ஊர் என்று சொன்னது ஜெர்மனியை. சிவாவும் வந்து பார்த்தார். மொட்டையும் காதுகுத்தும் முடிந்தது. அவர் திரும்பிப் போகும்போது எங்களையும் கூட வரச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மதியம் தரையில் பொரி கொட்டிக் கிடந்தது. யாழினி குனிந்து, வலது கைக் கட்டைவிரலை மெதுவாக வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலோடு சேர்த்து ஒரு பொரியை அழுத்தித் தூக்கினாள். பாதி வழியில் விழுந்துவிட்டது. மறுபடி எடுத்தாள். அக்கா அசையவே இல்லை, மூச்சுவிட்டால்கூடக் கலைந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். பொரி வாய்க்குள் போனபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்டா, கலா. தானே எடுத்து சாப்டா" என்றாள். அடுத்த மாதம் நாங்கள் ஜெர்மனிக்குத் திரும்பினோம்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. வலது கை முழுதாகச் சரியாகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். அது இடது கைக்குத் துணைக்கை. காகிதத்தைப் பிடித்துக்கொடுக்கும், இடது கை வெட்டும். குளிர்காலத்தில் விறைத்துக்கொள்ளும். பள்ளியில் சேர்ப்பதற்கான பரிசோதனையை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. இந்த ஊரிலும் வாரம் ஒருமுறை பயிற்சி கிடைக்கிறது. போன வாரம் அந்தப் பயிற்சியாளர் தயக்கத்தோடு என்னை ஓரமாக அழைத்து, வாடி என்பது யார் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கை திறக்காதபோதெல்லாம் யாழினி யாரையோ வாடி, வாடி என்று கூப்பிடுகிறாளாம். கற்பனைத் தோழியா, இறந்துபோன யாராவதா என்று கவலைப்பட்டிருக்கிறார். அது பெயர் இல்லை, என் அக்கா அந்தக் கையைக் கூப்பிட்டுப் பழக்கிய விதம், வீடியோ காலில் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று விளக்கினேன். அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிண்டர்கார்டனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஜாக்கெட் ஜிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இடது கை தயாராக இருந்தது. ஜிப்பின் அடியைப் பிடிக்கவேண்டிய வலது கை குளிரில் மூடிக்கொண்டது. ஷூவிடமும் பையிடமும் அதுவரை ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவள், குனிந்து அந்தக் கையிடம், வாடி தங்கம் என்றாள். கையிடம் மட்டும் ஏன் தமிழ் என்று கேட்டேன். இது தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கைக்கு ஜெர்மன் தெரியாதும்மா."

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பேருந்து போய்விட்டது. அடுத்ததில் போனோம்.