ஐந்து சட்டையும் ஒரு நாளும்

அந்தச் சட்டைக் கம்பெனியில், காலர் தைக்கும் வரிசையில் அவளை ரயில் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடத் தையல். கை அவ்வளவு வேகம். அந்த வேகம்தான் வினையாகிவிட்டது.

போன வருடம் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர் விலையைக் குறைத்தார். உடனே கம்பெனி ஆள் ஒருவன், ஒரு காலருக்கு எத்தனை நொடி என்று அளக்க, கடிகாரத்தோடு வந்து நின்றான். ரயில் உற்சாகமாக ஓட்டிக் காட்டினாள். இனி எல்லாரும் மணிக்கு எழுபது காலர் முடிக்க வேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டார்கள். நாள் கூலி அதேதான். எழுபதைத் தொட்டது அவள் ஒருத்திதான், அதுவும் தண்ணீர் குடிக்காமல். மற்றவர்கள் மணியடித்த பிறகும் கூலியில்லாமல் உட்கார்ந்து மிச்சத்தை முடித்தார்கள். பக்கத்து மெஷினில் இருந்த நாத்தனார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் பொண்டாட்டிகிட்ட உப்பு கேளுண்ணா" என்பாள்.

இப்போது புது மாதிரிச் சட்டை. கடிகாரக்காரன் மறுபடி வந்தான்.

"அண்ணி, மெதுவா. எங்க வயித்துல அடிச்சிடாதீங்க," என்றாள் நாத்தனார்.

ரயில் தலையாட்டினாள். கை கேட்டால்தானே. அவன் அளக்கக் கொடுத்த ஐந்து சட்டையின் காலரும் நாற்பது நாற்பது நொடியில் போயின.

"பிரமாதம்க்கா. மணிக்குத் தொண்ணூறு."

நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவன் கிளம்பினான்.

"எங்க தம்பி ஓடறீங்க? உக்காருங்க," என்றாள் ரயில்.

"அஞ்சு சட்டை போதும்க்கா."

"அஞ்சு சட்டை தச்சிட்டா வீட்டுக்கு விடறீங்க? நாள் முழுக்கப் பாருங்க. இல்லேன்னா நீங்களே ஒரு மணி நேரம் தச்சுக் காட்டுங்க."

வரிசையே சிரித்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ஊசி உடைந்தது. மெக்கானிக் வர இருபது நிமிடம். வெட்டிய துணிக்கட்டு நேரத்துக்கு வரவில்லை. இடுப்பை நிமிர்த்த எழுந்தாள். கழிப்பறை வாசலில் கூட்டம். அன்று அதிசயமாகத் தண்ணீரும் குடித்தாள். சாயங்காலம் அவன் வகுத்துப் பார்த்தான். மணிக்கு அறுபத்தாறு.

"இவ்வளவுதானா?"

"இது ஓடறவ கணக்கு. நடக்கறவ கணக்கை நாளைக்கு எடுங்க," என்று நாத்தனாரைக் காட்டினாள். "யாரு உக்காந்தாலும் முடியற வேலைதான் ஒரு நாள் கூலிக்கு நியாயம்."

"நடக்கறவளா நானு? நாளைக்கு எழுபது போடறேன் பாருங்க!"

"அடிப்பாவி, கெடுத்தியே!" என்றாள் ரயில்.

மறுநாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். மதியத்துக்குள் தோள் விட்டுப்போயிற்று. மணிக்கு ஐம்பத்துநான்கு.

முதலாளி முகம் சுளித்தார். ஆனால் எழுபதில் தைத்த காலர்கள் கோணலாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது அவருக்கும் தெரியும். பலகையில் ஐம்பது என்று எழுதினார்கள்.

அன்று மணியடித்ததும், மிச்ச வேலை இல்லாமல், வரிசை மொத்தமும் ஒன்றாக எழுந்தது.

"தோள் மட்டும் வலிக்காம இருந்திருந்தா எழுபதுதான் அண்ணி," என்று வாசல்வரை புலம்பிக்கொண்டே வந்தாள் நாத்தனார்.