சீனாக்காரரின் பல் கடை

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில், கூலியாட்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் லியூ என்ற சீனாக்காரர் பல் கட்டும் கடை வைத்தார். கண்ணாடிப் பெட்டியில் பீங்கான் பற்களை வரிசையாக அடுக்கினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறக்கத்தான் ஆளில்லை.

தினமும் விடிந்ததும் அவர் காவிரிக் கரையில் உலாவப் போவார். செத்தவர்களின் எலும்பை ஊரார் கரைப்பதும் அங்கேதான். ஆற்றில் பொறுக்கிய பல்லை விற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரிடமே கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணியாரம் விற்கும் மாரக்காள்தான் கேட்டாள். போன தையில் தகப்பனின் எலும்பைக் கரைத்தவள் அவள்.

"எங்கய்யன் பல்லு இதுல இருக்குதுங்களா?"

லியூவுக்குப் பாதிதான் புரிந்தது. பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒவ்வொரு பல்லாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அத்தனையும் வெள்ளை. வெத்தலைக் கறை இல்லாத பல்லோட நம்மூர்ல எவன் செத்தான்?"

நாற்காலியில் அவளே ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்பல்லு ரெண்டு கட்டுங்க. செவப்பா நானே ஆக்கிக்கறேன்."