கதைக்கவும் பேசவும்

செய்தி வந்தபோது நான் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கற்பகத்தின் மகள் தேன்மொழி அழைத்தாள். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க" என்றாள். ஓம் என்றேன். சற்று நேரத்தில் என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் கற்பகம் அன்ரி. மதுரைக்காரர். வெஸ்ட்மீட்டில் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லிட்கம் ரயில் நிலையத்துக்கு அருகே நம் அறையைத் தினமும் திறந்து வைத்தவர். அஞ்சலிக் கூட்டத்தில் அந்த அறையை அவரே உருவாக்கினார் என்று பேசினார்கள். அது சரியல்ல. அந்த அறைக்காக நகரசபைக்கு ஏழு கடிதங்கள் எழுதியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், மெத்தைத் தொழிற்சாலையில் நின்றபடி காலத்தைக் கழித்தவன், அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுதிய கடிதங்கள் அவை. இதைச் சொல்வதால் கற்பகத்துக்குக் குறைவு வராது. இருந்திருந்தால் அவரே எழுந்து திருத்தியிருப்பார்.

நான் கேட்டது பெரிய விஷயமல்ல. கோயிலுக்குப் போனால் கும்பிட வேண்டும். மண்டபத்துக்குப் போனால் ஏதாவது விழா இருக்க வேண்டும். நூலகத்தில் வாய் திறக்கக் கூடாது. ஒரு காரணமும் இல்லாமல் போய்க் கதைத்துக்கொண்டிருக்க நமக்கு ஓர் இடம் இல்லை. கடைசியில், பூட்டிக் கிடந்த பழைய புகைப்படக் கடையை ஒரு வருடப் பரீட்சார்த்தமாகத் தந்தார்கள். பதினான்கு கதிரைகள் சேர்ந்தன. "கதைக்க ஓர் இடம்" என்று பலகையில் நானே பெயின்றால் எழுதி வாசலில் மாட்டினேன்.

முதல் நாள் கற்பகம் வந்து முன் கதிரையில் அமர்ந்தார். நாங்கள் நாலைந்து பேர் ஒரு மூலையில் கதைத்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் எழுந்து வந்தார்.

"ஏண்ணே, கதை சொல்றவர் இன்னும் வரலையா?"

"என்ன கதை?"

"போர்டுல போட்டிருக்கே, கதைக்கன்னு."

"கதை இல்லை அம்மா. கதைக்கிறது. நாங்கள் இப்ப கதைக்கிறமே, அதுதான்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், பலகையை ஒரு முறை பார்த்தார். "பேசுறதா? அதுக்கு ஒரு ரூம் வேணுமாண்ணே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அடுத்த நாளும் அவர்தான் முதலில் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்க் தேநீர் இருந்தது.

நம் பலகை தன் ஊர்க்காரர்களுக்கு விளங்காது என்று சொல்லி, ஒரு வாரத்தில் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: "பேச வாங்க." தமிழ்நாட்டில் பேசுவது என்றால் கதைப்பது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. மறுநாள் வல்வெட்டித்துறைக்கார அம்மா ஒருவர் அந்தத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தார். "இஞ்ச வந்தால் பேசுவினமோ? எனக்கு வீட்டில வாங்கிற பேச்சே போதும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நான் தாளைக் கிழித்தேன். கற்பகம் வேறொன்று ஒட்டினார். நான் அதையும் கிழித்தேன். "சொல்லுக்குச் சண்டை போடுற ஆள நான் இப்பதான் பாக்கிறேன்" என்றார். "சொல்லுக்கில்லாமல் வேற எதுக்குச் சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மூன்றாவது தாளை அவர் ஒட்டவில்லை.

அது சிறு சண்டை. பெரியது வருடக் கடைசியில் வந்தது. அறையை நீடிக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று அதில் ஒரு கேள்வி. கதைக்கிறோம் என்று எழுதுவேன் என்றேன். அப்படி எழுதினால் தரமாட்டார்கள் என்றார் கற்பகம். அவர் சொன்னது சரி. பக்கத்து அறைக்கு யோகா வகுப்பு ஒன்று விண்ணப்பித்திருந்தது, அவர்களுக்கு நம் அறையும் தேவைப்பட்டது. கற்பகம் என்னிடம் கேளாமல் "தமிழ்க் கதைசொல்லல் நிகழ்ச்சி" என்று ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பிவிட்டார். முதல் நாள் அவர் தவறாக விளங்கிக்கொண்டதையே நகரசபைக்கும் எழுதியிருந்தார். அறை கிடைத்தது.

"பொய் எழுதி வாங்கின அறையில நான் இருக்கமாட்டன்" என்றேன்.

"புதன்கிழமை புதன்கிழமை ஆளுக்கு ஒரு கதை சொல்ல வச்சுடுறேன். அப்புறம் அது பொய்யில்ல. வாங்கண்ணே."

நான் போகவில்லை. எட்டு மாதம் போகவில்லை. ரயிலுக்குப் போகும்போது வீதியின் மறுபக்கத்தால் நடந்தேன். கண்ணாடிக்குள் கதிரைகள் தெரியும். பதினான்கு, பிறகு இருபது, பிறகு எண்ண முடியாத அளவு. ஒரு நாள் கற்பகம் உள்ளே இருந்து கையைக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ரூபனை உங்களுக்குத் தெரியும். படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர், கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நான் இருந்த காலத்தில் மூன்று மாதம் அவர் அந்த அறைக்கு வந்தார். தேநீரை வாங்குவார், சுவரைப் பார்த்து இருப்பார், போவார். கதைக்க ஓர் இடம் என்று பலகை எழுதிய என்னால் அவரைக் கதைக்க வைக்க முடியவில்லை. ஒரு புதன்கிழமை கற்பகம் அவரிடம், "தம்பி, இன்னைக்கு உங்க முறை. பொய்யாக்கூட சொல்லலாம்" என்றாராம். ரூபன் ஒரு நாயைப் பற்றித் தொடங்கி, கடலைப் பற்றிச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் சொன்னாராம். யாரும் எழுந்து போகவில்லையாம். இந்த "ஆம்" எல்லாம் எதற்கு என்றால், நான் அன்று அங்கே இல்லை. என் கொள்கையோடு வீட்டில் இருந்தேன்.

இறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் கற்பகம் அழைத்தார். நான் எடுக்கவில்லை. குரல் பதிவு விட்டிருந்தார்: "அண்ணே, கற்பகம். உங்ககிட்ட பேசணும். பேசணும்ணே." அதைக் கேட்டதும், என்னைப் பேச அழைக்கிறார் என்று நினைத்தேன், எங்கள் ஊர்ப் பேச்சு. முப்பது வருடமாக இந்தியத் தமிழரோடு பழகியவனுக்கு அவர் சொன்ன பேச்சு எது என்று தெரியாதா? தெரியும். ஆனால் கோபமாக இருப்பவனுக்கு எது வசதியோ அதுதான் காதில் விழுகிறது. திரும்ப அழைக்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்தியேட்டி என்ற எங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு அவர்களுக்கு இல்லை. பதினாறாம் நாள் கழிந்து தேன்மொழி என் வீட்டுக்கு வந்தாள். சாவி என்று அவர்கள் சொல்லும் அறைத் திறப்பையும் ஒரு காகித உறையையும் மேசையில் வைத்தாள். "அங்கிள், ரினியூவல் ஃபார்ம். வெள்ளிக்கிழமை டெட்லைன். அம்மா எல்லாம் ஃபில் பண்ணிட்டாங்க, ஒண்ணு மட்டும் விட்டுட்டாங்க."

அங்கே என்ன நடக்கிறது என்ற கேள்விக்குக் கீழே வெறுமையாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்: "அண்ணனைக் கேட்கணும்."

அவர் பேச நினைத்தது அதைத்தான்.

நான் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, கதை சொல்வதற்கு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அது இப்போது பொய்யல்ல. அதற்குப் பக்கத்தில், காரணம் இல்லாமல் வந்து கதைப்பதற்கும் என்று எழுதினேன். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தருவார்களா, அறை யோகாவுக்குப் போகுமா, தெரியாது. படிவத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பலகையை இறக்கி, திரும்ப எழுதி மாட்டினேன். "கதைக்கவும் பேசவும் ஓர் இடம்." ரூபன் வாசலில் நின்று வாசித்தார்.

"அங்கிள், பேச்சும் விழுமோ?"

"விழும். நான் வாறன்தானே."

கற்பகத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று அறையின் திறப்பு. மற்றது தொலைபேசியில் இருக்கும் அந்தக் குரல். திறப்பை உங்களில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.